கோர்ன் வேண்டாம் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ

புங்குடுதீவுத் தாம்போதியில இண்டைக்குப் பின்னேரம் பாத்தது.

பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு பிள்ளையள் சைக்கிளில.
பின்னால டிப்பர். குறிகட்டுவான் பக்கமிருந்து எதிரால பஸ்.
டிப்பர் வேகம் குறைக்கேல்ல. கோர்னை அமத்தினபடி இடைக்குள்ளால போட்டுது.
ஒரு பிள்ளை தார் விளிம்பை விட்டுக் கல்லுக்க இறங்கி, ஹாண்டில் ஆடி, காலை ஊண்டி நிண்டுட்டுது.
அங்கால கடல்.

எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்குது.

சோளகத்துக்க சைக்கிள் ஓடினவைக்குத் தெரியும். காத்துக்கு எதிரா உடம்பைச் சரிச்சுத்தான் மிதிப்பம். காத்து அடிக்கிற பக்கத்தால லொறி வந்தா காத்து சட்டெண்டு மறைபடும், சைக்கிள் லொறிப்பக்கம் சாயும். லொறி கடந்த கையோட காத்து திரும்ப வந்து அறையும்.
பெரியாக்களே தடுமாறுவினம்.

லொறி வேண்டாமெண்டு சொல்லேல்ல.
பவுசர் வராட்டி எத்தினை வீட்டில குடிக்கத் தண்ணியில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுற சாமானும் இந்தத் தாம்போதியாலதான் குறிகட்டுவானுக்குப் போகுது. மீன்பெட்டி கட்டின சைக்கிளுக்கும் இதை விட்டா வேற வழி இல்லை.

அண்ணையள், எதிரால வாகனம் வந்தா சைக்கிளுக்குப் பின்னால மெதுவா வாங்கோ. அது போனாப்பிறகு நல்லா விலத்தி முந்துங்கோ.
கிட்ட வந்து கோர்ன் அடிக்காதேங்கோ. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினா ஹாண்டிலும் சேர்ந்து திரும்பும்.

ஆனியில நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. பஸ்ஸுகள் வரிசையா வரப்போகுது.
அதுக்கு முன்னம் அந்த ஓரக் கல்லையாவது நிரவி, சைக்கிள் ஒதுங்க இடம் செய்யேலாதா?