டேவிட் கேல்: தெரிஞ்சே சாகிறவன் நிரபராதியா?

படம் மொக்கையா இருந்தா ரெண்டு மணி நேரம் போச்சேன்னு தலைமுழுகிட்டுப் போயிடலாம். ஆனா நாம நம்புற ஒரு விஷயத்துக்காக வாதாட வந்து, கடைசியில எதிர்க்கட்சிக்கே பாயிண்ட் எடுத்துக் குடுத்துட்டுப் போற படத்தை என்ன செய்யறது? போன வாரம் பார்த்த 'த லைஃப் ஆஃப் டேவிட் கேல்' (2003) அந்த ரகம்.

எச்சரிக்கை: முழுக்கதையையும் போட்டு உடைக்கப் போறேன். இன்னும் பார்க்காதவங்க இத்தோட எஸ்கேப் ஆகிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :-)

எடுத்தது 'மிஸிஸிப்பி பர்னிங்' எடுத்த ஆலன் பார்க்கர். கெவின் ஸ்பேஸி, கேட் வின்ஸ்லெட், லாரா லின்னின்னு நடிகர் பட்டாளம். நம்பித்தானே உட்காருவோம்?

கதை டெக்ஸாஸ்ல நடக்குது. டேவிட் கேல் தத்துவப் பேராசிரியர், மரண தண்டனையை எதிர்த்துப் போராடுறவர். டிவி விவாதத்துல கவர்னர் அவரை மடக்குறார்: டெக்ஸாஸ்ல நிரபராதி யாரையாவது கொன்னிருக்கோமா, ஒரே ஒரு பேர் சொல்லுங்க. கேலுக்கு வாயடைச்சுப் போகுது. அப்புறம் ஒரு மாணவி சுமத்தின பாலியல் வன்முறைப் புகார்ல வேலை போகுது, மனைவி பிள்ளையோட ஸ்பெயின் போயிடுறாங்க, ஆளு குடிகாரனாகிறார். அடுத்து, கூடப் போராடின தோழி கான்ஸ்டன்ஸைக் கொலை பண்ணினதா மரண தண்டனை. ஊசி போட மூணு நாள் இருக்கும்போது பிட்ஸிங்கிற பத்திரிகையாளரைக் கூப்பிட்டுக் கதை சொல்றார். பேட்டிக்கு 5 லட்சம் டாலர்.

விஷயம் என்னன்னா, அது கொலையே இல்லை. ரத்தப் புற்றுநோய்ல சாகப் போற கான்ஸ்டன்ஸ், கொலை மாதிரி செட் பண்ணித் தற்கொலை செஞ்சுக்கிறாங்க. கை விலங்கு, முகத்துல பிளாஸ்டிக் பை, எல்லாத்தையும் வீடியோவும் எடுத்து வச்சிருக்காங்க. கேல் செத்ததுக்கு அப்புறம் டேப் வெளிய வரணும். இதோ உங்க ஒரே ஒரு பேருன்னு கவர்னர் மூஞ்சியில அடிக்கலாம்.

இப்ப ஓட்டைகளுக்கு வருவோம்.

ஒண்ணு. பிட்ஸி கொஞ்சம் புத்திசாலியா இருந்து ஒரு நாள் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா கேல் பிழைச்சிருப்பார், திட்டம் காலி. டேப்பைக் கையில வச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போற வழியில கார் சூடாகி நின்னுடுது, அம்மணி ஓட்டமா ஓடுறாங்க. கார் நிக்காம இருந்திருந்தா? இவ்வளவு பக்காவா பிளான் போட்டவங்க கடைசி அரை மணி நேரத்தை வாடகைக் கார் ரேடியேட்டரை நம்பியா விடுவாங்க? தண்டனை முடிஞ்ச மறுநாள் டேப்பைத் தபால்ல போட்டா வேலை முடிஞ்சுது. படத்துல பத்திரிகையாளர் இருக்கிறதே நமக்கு டென்ஷன் ஏத்தத்தான்.

ரெண்டு. செத்தது மரண தண்டனை எதிர்ப்பு இயக்கத்து ஆள். தண்டனை வாங்கினது அதே இயக்கத்து ஆள். டேப்பை ஒளிச்சு வச்சிருந்த டஸ்டியும் அந்த வட்டாரத்து ஆள்தான். டேப் வெளிய வந்ததும் யாருக்குமே சந்தேகம் வராதா? நம்ம ஊர் டீக்கடையில பேப்பர் படிக்கிற பெருசு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கும். படத்துல மொத்த நாடும் அதிர்ச்சி ஆகுதே ஒழிய, ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேக்கலை.

சரி, ஓட்டை இல்லாத சஸ்பென்ஸ் படம் எங்க இருக்கு? என் ரூம்மேட்டும் அதைத்தான் சொன்னான். அவனுக்குப் படம் பிடிச்சிருந்தது. எனக்கு வயிறெரிஞ்சது கடைசி டேப்பைப் பார்த்துட்டுத்தான். பிட்ஸிக்கு மட்டும் தனியா ஒரு டேப் வருது. அதுல, கான்ஸ்டன்ஸ் சாகும்போது கேலும் அங்கேயே இருக்கார். பையில தன் விரல் ரேகையைத் தானே பதிக்கிறார். தெரிஞ்சேதான் செத்திருக்கார். இதை வெளிய சொல்லாதேங்கிற நிபந்தனையோட டேப் வருது, அவங்களும் சொல்லலை. படம் இதைப் பெரிய தியாகம் மாதிரி காட்டி முடிக்குது.

ரூம்மேட்டோட வாதம் இது: "ஏமாத்த முடியற சிஸ்டம் கையில உயிரை எடுக்கிற அதிகாரம் எப்படிடா குடுக்கலாம்? அதான்டா படத்தோட பாயிண்ட்."

நியாயமான பாயிண்ட்தான். ஆனா எங்க வேலையில ஒரு டெஸ்டர், சாஃப்ட்வேர்ல பக் இருக்குன்னு நிரூபிக்க டேட்டாபேஸ்ல தானே கையை வச்சுட்டு, ரிசல்ட் தப்பா வருதுன்னு ரிப்போர்ட் குடுத்தா என்ன சொல்லுவோம்? ரேகையை வச்சதும் அவர், உண்மையை மறைச்சதும் அவர். எந்த ஜூரியா இருந்தாலும் குற்றவாளின்னுதான் சொல்லியிருக்கும். இதுல தெரியறது கேலோட சாமர்த்தியம் மட்டும்தான். கவர்னர் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது.

அறம்னு பார்த்தா இன்னும் மோசம். அந்த ஜூரியில உட்கார்ந்தவங்க, ஊசி போட்டவங்க எல்லாரும் நிரபராதியைக் கொன்ன பாவத்தோட மிச்ச காலத்தை ஓட்டணும். பொய் சொல்லி அவங்களைக் கொல்ல வச்சது கேல். பையனோட கதை அதைவிடக் கொடுமை. அப்பா கொலைகாரன்னு நினைச்சு வளருவான், அப்புறம் அப்பா அநியாயமா செத்தார்னு நினைப்பான். ரெண்டுமே பொய். உண்மை அவனுக்குக் கடைசி வரைக்கும் கிடைக்காது. பணமும், புகார் குடுத்த மாணவி அனுப்பின மன்னிப்புக் கார்டும் ஸ்பெயினுக்குப் போனா கணக்குத் தீர்ந்துடுமா?

"படம்டா, பாடம் இல்லை"ன்னான் ரூம்மேட். சரி, அப்ப பாடம் எடுக்கிற மூஞ்சியை வச்சுக்காம இருக்கணும்ல?

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கவர்னர் கேட்ட 'ஒரே ஒரு பேர்' நிஜத்துலயே இருந்தது. கார்லோஸ் டெலூனா. 1983ல ஒரு பெட்ரோல் பங்க்ல வேலை செஞ்ச பெண்ணைக் குத்திக் கொன்னதா அவருக்கு மரண தண்டனை. செஞ்சது கார்லோஸ் ஹெர்னாண்டஸ்னு சொல்லிப் பார்த்தார். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு அரசுத் தரப்பு அடிச்சுவிட்டுச்சு. 1989ல டெக்ஸாஸ் அவரைக் கொன்னுது. அந்த ஹெர்னாண்டஸ் நிஜமாவே இருந்தார், பார்க்க டெலூனா மாதிரியே இருந்தார்னு 2012ல கொலம்பியா சட்டக் கல்லூரி ஆய்வு விலாவாரியா எழுதிச்சு.

அடுத்தது கேமரூன் டாட் வில்லிங்ஹாம். 1991 டிசம்பர்ல வீடு தீப்பிடிச்சு மூணு பெண் குழந்தைகளும் செத்துப் போனாங்க. எரிஞ்ச தடயத்தை வச்சு, அப்பனே எதையோ ஊத்திக் கொளுத்தினான்னு புலனாய்வு ஆளுங்க சாட்சி சொன்னாங்க. அந்தத் தடயங்களுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லைன்னு ஜெரால்ட் ஹர்ஸ்ட் எழுதின அறிக்கை தண்டனைக்கு முன்னாடியே அதிகாரிங்க கைக்குப் போச்சு. பலனில்லை. 2004 பிப்ரவரி 17, விஷ ஊசி. படம் ரிலீஸாகி கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

வில்லிங்ஹாம் விஷயத்துல அந்தத் தடயத்தை யாரும் ஜோடிக்கலை. சாட்சி சொன்னவங்க தங்களுக்குத் தெரிஞ்சதை நிஜம்னு நம்பித்தான் சொன்னாங்க. அந்த நம்பிக்கையிலதான் ஒரு மனுஷன் செத்தான். எனக்குப் பயமா இருக்கிறது இந்த மாதிரி சாவுதான், டேப்பும் தியாகமும் இல்லை. இதைக் காட்டியிருந்தா கவர்னருக்குப் பதிலே இருந்திருக்காது. படம் காட்டுற கதைக்கு அவர் சுலபமா பதில் சொல்லிடுவார்: "நீங்கதானே ஏமாத்துனீங்க?"

படம் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2003 ஜனவரியில, இல்லினாய் கவர்னர் ஜார்ஜ் ரயன் 167 பேரோட மரண தண்டனையைக் குறைச்சார். அங்க 1977க்கு அப்புறம் கொன்னது 12 பேரை, தப்பா தண்டிச்சிட்டோம்னு விடுதலை பண்ணினது 13 பேரை. அந்தக் கணக்கே அவரை உலுக்கிடுச்சு. தடயத்தை ஜோடிச்சு அவரை யாரும் ஏமாத்தத் தேவைப்படலை.

ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு ஒரு நட்சத்திரம் கூடக் குடுக்கலை. அவரும் மரண தண்டனைக்கு எதிரானவர்தான்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. கேட் வின்ஸ்லெட் ஓடுற சீன்ல நீயும் நகத்தைக் கடிச்சேல்லன்னு கேக்கறான். கடிச்சேன், இல்லைன்னு சொல்லலை.

பி.கு: வில்லிங்ஹாம் பத்தி டேவிட் கிரான் 2009ல நியூயார்க்கர்ல ஒரு நீளமான கட்டுரை எழுதியிருக்கார். படத்துக்குச் செலவு பண்ற ரெண்டு மணி நேரத்தை அதுக்குக் குடுங்க.