வண்டிச் சக்கரத்தின் முன்னே

அருங்காட்சியகம் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவன மன்னர்தம் வாளும் கேடயமும் செப்புத் திருமேனிகளுமே. மண்வெட்டிக்கும் பால் குடத்துக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டென்று மகள் கூறியபோது நான் நம்பவில்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் அவள் இல்லத்தில் தங்கியிருந்தேன். அந்நகரப் பல்கலைக்கழகம் 1951இல் நிறுவிய ஆங்கில நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகம், பிஸ்கட் தொழிலால் செழித்த பாமர் குடும்பத்தார் ஒருவர்க்காக எழுப்பப்பட்ட செங்கல் மாளிகையில் 2005 முதல் இயங்கி வருகின்றது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி அந்நாட்டு வயல்களில் டிராக்டர்கள் பெருகின, ஏர்க்குதிரைகள் மறையலாயின. முற்றும் மறையுமுன் சேர்த்துவிட வேண்டும் என்ற தவிப்பே அந்நிறுவனத்தின் வித்து. அதற்கும் முன்னரே ஈஸ்ட் ஹென்ட்ரெட் என்னும் சிற்றூரில் லவீனியா ஸ்மித் என்னும் அம்மையார் ஊராரின் பழங்கருவிகளைத் திரட்டி வைத்திருந்தார். அவையும் பின்னர் இங்கு வந்து சேர்ந்தன. காட்சிப் பொருளாக இருந்த பழைய எலிப்பொறி ஒன்றில் 2016இல் மெய்யாகவே ஓர் எலி சிக்கி மாண்டதாம்! 155 ஆண்டு முதுமையிலும் கடமை தவறாத பொறி.

என் கால்கள் நின்றது பாரவண்டிகளின் முன்னே. மாவட்டத்துக்கு மாவட்டம் வண்டியின் வடிவம் வேறு, வண்ணம் வேறு. பிளவாத எல்ம் மரத்தில் குடம், ஓக் மரத்தில் ஆரக்கால், வளைந்து கொடுக்கும் ஆஷ் மரத்தில் வட்டை. அதன்மேல் இரும்புப் பட்டை. பெயர்ப்பலகையைப் படிக்கத் தேவையே எழவில்லை. உறுப்பு ஒவ்வொன்றும் தமிழிலேயே தன் பெயரை எனக்குச் சொல்லிற்று.

எங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது. தந்தையார் மறைந்தபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். இடத்தை அடைக்கின்றதே என்று 1994இல் வண்டியை விற்றவன் நானே. மரம் செங்கற்சூளைக்குப் போயிற்று. இரும்பு எடைக்குப் போயிற்று. "கடையாணியையாவது எடுத்து வை" என்றார் அன்னையார். நான் சிரித்தேன். அச்சாணி வரும் குறளை அதே வாரத்தில் வகுப்பில் நடத்தினேன். அச்சாணி எப்படி இருக்கும் என்று மாணவன் ஒருவன் வினவ, கரும்பலகையில் வரைந்து காட்டினேன்!

"என்ன அத்தா தேடுகிறீர்கள்?" என்று மகள் கேட்டபோதுதான், சக்கரத்தின் நடுவே குனிந்து நிற்பதை உணர்ந்தேன்.

அங்குள்ள பொருள்களுக்கு எண் உண்டு. எவ்வூரில் எவர் கையில் இருந்ததென்னும் குறிப்பும் பேணப்படுகின்றது. ஊர் திரும்பியதும் தமக்கையார் வீட்டுப் பரணில் ஏறினேன். ஆணிகளும் பழைய பூட்டுகளும் நிரம்பிய மரக்கால் ஒன்று கிடைத்தது. ஆணிகளைக் கொட்டினேன். ஒரு தாளில் தந்தையார் பெயரையும் ஊரையும் எழுதி, எந்த ஆண்டில் வாங்கியது என்று கேட்டேன். தமக்கையார் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார்.

"நீ பிறப்பதற்கு முந்திய அறுப்புக்கு" என்றார். அதையே எழுதினேன்.