அளவான சொரசொரப்பு

பழைய புல்லட் பைக்கின் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் சிலிண்டர் சுவர் பளபளவென்று மின்னும். அந்த மினுமினுப்பை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு, புது பிஸ்டன் ரிங்கை மட்டும் மாட்டி மூடிவிடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. வண்டி வெளியே போகும், நீலப் புகையும் கூடவே போகும். “ரிங் செட் ஆகல” என்பார்கள். உண்மையில் அந்த ரிங் செட் ஆவதற்குச் சுவர் இடமே கொடுக்கவில்லை.

எஞ்சின் வேலையில் என் மனம் அதிகம் ஊன்றுவது இந்தச் சுவரில்தான். இரும்பை முடிந்தவரை வழவழப்பாக்குவதே நேர்த்தி என்று நாம் நினைத்திருக்க, இது மட்டும் அளவான சொரசொரப்பைக் கேட்கிறது.

1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஓரிடத்தில் வெட்டுவாய் உள்ள உலோக வளையத்தை நீராவி எஞ்சின்களுக்குக் கொண்டுவந்தார். தன் விறைப்பாலேயே விரிந்து சுவரோடு ஒட்டும் வளையம் அது. இன்றைய ரிங்கும் அந்த வழியில் வந்ததே. ஆனால் அந்த விறைப்பு மட்டும் எரிந்த வாயுவை அடக்கப் போதாது. வெடித்து விரியும் வாயு, மேல் ரிங்குக்கும் பிஸ்டன் பள்ளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் புகுந்து, ரிங்கின் பின்புறம் போய் அதைச் சுவர்மேல் அழுத்துகிறது. வாயுவை அடைக்கும் வேலைக்கு அந்த வாயுவே பலம் கொடுக்கிறது.

இத்தனை அழுத்தம் இருந்தும் புது ரிங் முதல் நாளே சுவரோடு முழுக்கப் பொருந்துவதில்லை. கண்ணுக்கு வட்டமாகத் தெரியும் இரண்டும் மைக்ரான் கணக்கில் வட்டமாக இருப்பதில்லை. ஒன்றை ஒன்று கொஞ்சம் தேய்த்துத்தான் பொருந்த வேண்டும். அதற்குப் பிடிமானமும் வேண்டும், எண்ணெய் தங்கப் பள்ளமும் வேண்டும். தேய்ந்த அம்மியைக் கொத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வழவழத்துப்போன கல்லில் மிளகாய் நழுவும், அரைபடாது.

சுவரில் அந்தச் சொரசொரப்பைப் போடும் ஹோனிங் கல்லைக் கையில் எடுக்கும் முன் சிலிண்டரை அளக்க வேண்டும். 1950களில் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய பழைய 350 புல்லட்டின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 90. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 9 மீட்டர். அந்த ஓட்டத்தில் சுவர் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது, எண்ணெய்ப் படலம் மெலிகிறது, சூடும் அழுத்தமும் உச்சத்துக்குப் போகின்றன. கனெக்டிங் ராடு சாய்ந்து பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளுவதால் போர் நீள்வட்டமாகவும் ஆகிறது. மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு திசைகளில் போர் கேஜை வைத்துப் பார்த்தால் அந்த எஞ்சின் எப்படி ஓடியது என்பது தெரிந்துவிடும்.

தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் அடித்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவதே வழி. நெகிழ்ந்து கொடுக்கும் ஹோன் கோணலைத் திருத்தாது, அந்தக் கோணலின் மேலேயே ஓடும். போர் அடிக்கும்போதும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கைக் கடைசியாக ஹோனிங்குக்கு விட்டுவைக்க வேண்டும். இவையெல்லாம் வார்ப்பிரும்புச் சுவருக்கு. பூச்சு ஏற்றிய இன்றைய அலுமினிய சிலிண்டர்களில் சாதாரணக் கல்லை வைக்கவே கூடாது.

கல் சுவரைத் தேய்த்துச் சுற்றும் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் அதை மேலும் கீழும் நகர்த்தினால், சுவரில் கோடுகள் 45 முதல் 60 டிகிரிக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழும். கோடுகள் அதிகம் படுத்துவிட்டால் எண்ணெய் மேலே தங்கி எரியும். செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் எண்ணெய் கீழே வழிந்து சுவர் வறளும். சாதாரண வார்ப்பிரும்பு ரிங்குக்கு 220 முதல் 280 எண் கல் பொருந்தும். கடைசியில் மென்மையான கல்லால் சில தேய்ப்பு கொடுத்தால் கூர்முனைகள் மட்டும் மழுங்கும், எண்ணெய்ப் பள்ளங்கள் அப்படியே நிற்கும்.

எனக்குப் பழக்கமான லேத் பட்டறை அண்ணன் ஒருவர் ஹோனிங் நடக்கும்போது பேசவே மாட்டார். கேட்டால், “கல்லு வெட்டுதா, தேய்க்குதான்னு சத்தத்துலயே தெரியும் தம்பி” என்பார். வெட்டுகிற கல் வார்ப்பிரும்பின் கிராஃபைட் இழைகளைத் திறந்துவிடும். மழுங்கிய கல் உலோகத்தை இழுத்து அவற்றின் மேல் மூடிவிடும். இந்த இரண்டு சுவரும் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகவே தெரியலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்த வேலையைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கொத்திய அம்மியில் யாரும் நேரே சட்னி அரைப்பதில்லை. தவிட்டை அரைத்துக் கொட்டி, கல்துகள் போன பிறகே சமையலுக்கு எடுப்பார்கள். ஹோன் செய்த சுவரிலும் அப்படித்தான் கல்துகள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் எண்ணெய் போகும், துகள் பள்ளத்திலேயே தங்கும். வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத்தைத் துடைத்ததும் எண்ணெய் பூச வேண்டும், கழுவிய இரும்பில் கண்ணெதிரே துரு ஏறும். கழுவாமல் மாட்டினால் அந்தத் துகளே ரிங்கையும் பிஸ்டனையும் பேரிங்கையும் அரைத்துத் தின்றுவிடும்.

அதன்பிறகு ரிங் வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேல் ரிங்குக்குப் போர் அளவில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு. 70 மில்லிமீட்டருக்கு 0.28 வரும். ரிங்கோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டி முடித்தபின் புது எஞ்சினை ஐட்லிங்கில் வெகுநேரம் ஓடவிடுவது பரிவு போலத் தோன்றும். உண்மையில் அது கெடுதல். வாயு அழுத்தம் இல்லாமல் ரிங் சுவரைப் பிடிக்காது, கோடுகள் மட்டும் மெழுகிப்போகும். வண்டியைச் சாலைக்கு எடுத்துப்போய், முழுத் த்ராட்டில் இல்லாமல் அளவாக முடுக்கி, பிறகு த்ராட்டிலை மூடி வேகத்தைத் தானாக இறங்கவிட வேண்டும். முடுக்கும்போது ரிங் சுவரில் அழுந்தும். மூடும்போது உண்டாகும் வெற்றிடம் எண்ணெயைச் சற்று மேலே இழுத்து, தேய்ந்த துகளைக் கழுவும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

ஹோனிங் செய்பவர் வேலையை முடித்துக் கொடுப்பதில்லை, முடியக்கூடிய நிலையில் கொடுக்கிறார். கடைசிப் பங்கு ஓட்டுபவர் கையில் இருக்கிறது. வண்டியைத் திருப்பித் தரும்போது இதைச் சொல்லித் தருவதும் பட்டறையின் வேலைதான். எஞ்சினை இறக்கக் கொடுத்தவர்களும் இன்றைக்கே வேண்டும் என்று நெருக்க வேண்டாம். நெருக்கினால் முதலில் விட்டுப்போவது வெளியே தெரியாத வேலை, அதாவது அளப்பதும் கழுவுவதும். அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுத்துவிட்டு, சிலிண்டரை மாட்டுமுன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கோடுகளைப் பாருங்கள், வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்துப் பாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.