இடது கால்

பள்ளிவாசலுக்குள் நுழையும்போது வலது காலை முன்வைக்க வேண்டும். வெளியே வரும்போது இடது காலை முன்வைக்க வேண்டும். செருப்புப் போடும்போது வலது கால்தான் முதலில். நடக்கப் பழகிய காலத்திலேயே உம்மும்மா சொல்லித் தந்த ஒழுங்கு இது. வலது காலைப் பற்றி இவ்வளவு சொல்லித் தந்ததாலோ என்னவோ, இடது காலைப் பற்றி நான் தனியாக யோசித்ததே இல்லை. சென்ற வருடம் என் நானா ஒரு பெடல் வாங்க ஆசைப்பட்டபோதுதான் யோசிக்க நேர்ந்தது.

பெடல் என்றதும் தையல் மெஷினை நினைத்துவிடாதீர்கள். இது டிரம் அடிப்பவர்கள் மிதிக்கும் பெடல். டிரம் செட்டில் ஆகப் பெரியது பேஸ் டிரம். அதைக் கையால் அடிப்பதில்லை. காலால் பெடலை மிதித்தால் சிறு சுத்தியல் போன்ற பீட்டர் பாய்ந்து போய்த் தோலில் மோதும். 1909இல் சிக்காகோவில் லூட்விக் சகோதரர்கள் வேகமாக மிதிக்கக்கூடிய பெடலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, ஒரே ஆள் இருந்த இடத்தில் இருந்து கையாலும் காலாலும் வாசிப்பது எளிதானது. பின்னர் லூயி பெல்சன் என்ற அமெரிக்கர், பாடசாலை மாணவனாக இருந்த காலத்திலேயே, இரண்டு காலுக்கும் இரண்டு பேஸ் டிரம் வைத்த ஒரு செட்டைப் படமாக வரைந்தார். இன்று இரண்டு டிரம் தேவையில்லை. ஒரு டிரம்முக்கு இரண்டு பெடல்களைப் பூட்டும் டபுள் பெடல் வந்துவிட்டது. நானா ஆசைப்பட்டது அதைத்தான்.

நானா புத்தளத்தில் அலுமினியம் வேலை செய்கிறார். அவருடைய நண்பர் ஒருவரின் வீட்டில் பழைய டிரம் செட் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் மெட்டல் இசை அடித்துப் பழகுவார். அந்த இசையைக் கேட்டிராதவர்களுக்குச் சொல்வதானால், மார்கழி மழை தகரக் கூரையில் விடாமல் இறங்குவதைப் போல அதில் பேஸ் டிரம் ஒலிக்கும். இந்த விஷயம் வாப்பாவுக்குத் தெரிய வந்த அன்று, "அதெல்லாம் நமக்கு வாணாம் மகன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நானா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு இருவருக்கும் இடையில் பேச்சுக் குறைந்துவிட்டது. வாப்பா கங்கைவாடியிலிருந்து தோணியில் களப்புக்குப் போய் வருவார். நானா பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவார். "சாப்பிட்டாச்சா?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வீட்டில் கேட்காது. எட்டு மாதம் இப்படியே போனது.

அந்த எட்டு மாதத்தில் சேர்த்த பணத்தோடு நானா ஒரு இரவு என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீதானே பௌதிகவியல் படிக்கிற. ரெண்டு இருக்கு. எது நல்லமெண்டு பார்த்துச் சொல்லு." ஒன்று கொழும்புக் கடையொன்றில் இருந்த புத்தம் புதிய, பெயர் தெரியாத பெடல். மற்றது புத்தளத்தில் ஒருவர் பாவித்த தாமா அயர்ன் கோப்ரா. விலை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் கணக்குப் போட்டோம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் நிமிடத்துக்கு 480 அடி, செக்கனுக்கு 8 அடி. ஒரு கால் தனியாக அதைத் தொடர்ந்து செய்வது மிகக் கடினம். இரண்டு காலும் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 4. ஆனால் அந்த நான்கும் ஒரே அளவான இடைவெளியில், ஒரே பலத்தோடு விழ வேண்டும். இல்லாவிட்டால் நொண்டி நடப்பது போலக் கேட்கும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. டபுள் பெடலில் இரண்டு பீட்டர்களும் வலது பக்கத்திலேயே இருக்கும். இடது காலின் மிதி, ஒரு நீண்ட கம்பியைச் சுழற்றி, அந்தக் கம்பியின் வழியாக இரண்டாவது பீட்டரை அசைக்கிறது. கம்பியின் இரு முனையிலும் எந்தப் பக்கமும் வளையக்கூடிய மூட்டுகள் உண்டு. கம்பிக்குப் பாரம் உண்டு, மூட்டுக்கு உராய்வு உண்டு. ஏற்கெனவே பழக்கம் குறைந்த இடது காலுக்குத்தான் பாரமான பெடலும் கிடைக்கிறது. மூட்டில் சிறிது தளர்வு இருந்தாலும் கால் அசைந்து ஒரு கணம் கழித்தே பீட்டர் அசையும். ஆகவே பெடல் நல்லதா என்று பார்க்க அதன் இடது பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நானாவிடம் சொன்னேன்.

செயினால் இழுக்கும் பெடல், பட்டியால் இழுக்கும் பெடல், இரண்டும் இல்லாமல் நேரடியாக இரும்புத் துண்டால் இணைத்த பெடல் என்று வகைகள் இருக்கின்றன. வேகமாக அடிக்கும் மெட்டல்காரர்கள் பலர் கடைசி வகையை விரும்புகிறார்கள். அதில் தொய்வு இல்லை. பழகுபவருக்குச் செயினும் போதும். சுருளிவில்லை இறுக்கினால் பீட்டர் விரைவாகத் திரும்பி வரும், ஆனால் கால் சீக்கிரம் களைத்துவிடும். தளர்த்தினால் மிதிக்க இலகு, திரும்பி வரத் தாமதம். இரண்டு பக்கத்து வில்லையும் தனித்தனியாகத் திருத்தக்கூடியதாக இருப்பது முக்கியம். ஏனென்றால் இரண்டு கால்களும் ஒன்றல்ல.

கொழும்புக்குப் போன ஒரு நாள் நானா புதிய பெடலின் கம்பியைப் பிடித்து இலேசாகத் திருப்பிப் பார்த்தார். மூட்டு 'கடக் கடக்' என்று ஆடியது. அடுத்த வாரம் நான் வகுப்பு முடிந்து நானாவோடு போய்ப் பழையதைப் பார்த்தேன். நிறம் உரிந்திருந்தது, பீட்டரின் கம்பளித் தலை தேய்ந்திருந்தது. கம்பியைத் திருப்பினேன். திருப்பிய அதே கணத்தில் பீட்டரும் திரும்பியது. அதையே வாங்கினோம்.

அந்த நாட்களில்தான் நானா எனக்கு ஒரு காணொளியைக் காட்டினார். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் கருட் என்ற பகுதியைச் சேர்ந்த மூன்று பெண்கள் 2014இல் தொடங்கிய வொய்ஸ் ஒப் பசெப்ரொட் என்ற மெட்டல் குழு. பசெப்ரொட் என்றால் சுண்டா மொழியில் இரைச்சல் என்று பொருள். மூவரும் இஸ்லாமியப் பாடசாலையொன்றில் ஒன்றாகப் படித்தவர்கள், ஹிஜாப் அணிந்தே மேடையேறுபவர்கள். டிரம் அடிப்பவரின் பெயர் எயுயிஸ் சித்தி ஆயிஷா. ஊரில் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். இறைவனிடம் இசைக்க அனுமதி கேட்பதாகவே 2022இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 2024 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான். நான் ஆயிஷாவின் கால்களைப் பார்க்க முயன்றேன். டிரம் மறைத்துவிட்டது.

இசையைப் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருநாள் தினத்தில் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியதையும், அபூபக்ர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது நபியவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னதையும் ஹதீஸில் படித்திருக்கிறேன். அது தஃபைப் பற்றியது, அதை மெட்டல் வரைக்கும் இழுத்துச் செல்லக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தீர்ப்பதற்கு நான் ஆளில்லை. வாப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது கோபத்தினால் அல்ல, மகனைப் பற்றிய பயத்தினால் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெடலை நானா ஒரு பலகையில் பூட்டி, டிரம்முக்குப் பதிலாகத் தலையணை ஒன்றைக் கட்டிவைத்துப் பின் விறாந்தையில் பழகினார். 'டுப் டுப்' என்ற சத்தத்தோடு, இடது கால் மிதிக்கும்போதெல்லாம் ஒரு 'கிறீச்'சும் வந்தது. மூன்றாம் நாள் மாலை, வாப்பா களப்பிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு நேராக விறாந்தைக்கு வந்தார். நானா காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். நான் கதவருகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா குந்தியிருந்து கம்பியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தோணி எஞ்சினுக்குப் போடும் ஒயில் போத்தலை எடுத்து வந்தார்.

"இடப் பக்கம்தான் கத்துது. ரெண்டு சொட்டுப் போதும்."

"சத்தம் கரைச்சலா வாப்பா?"

"நான் இரும்பச் சொல்றேன் மகன்." ஒயில் விட்டு, கையால் மிதியை நான்கைந்து தடவை அழுத்திப் பார்த்தார். எழுந்து போகும்போது, "தொழுகை நேரத்தில வாணாம்" என்றார்.

அது அனுமதியா என்று நானாவும் நானும் இன்னும் வாதிடுகிறோம். ஆனால் அன்று இரவு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். எஞ்சினுக்கு எந்த ஒயில் நல்லது என்பதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள்.

எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நானா வேலைக்குப் போன பிறகு நானும் அந்தப் பலகையின் முன் உட்கார்ந்து பார்த்தேன். வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால் நான்காவது அடியிலேயே தடுமாறியது. இப்போது இரவில் படிக்கும்போது மேசைக்கு அடியில் தரையில் தட்டிப் பழகுகிறேன். தட்டத் தொடங்கும்போது இடது காலைத்தான் முன்வைக்கிறேன். நேற்று பதினாறு வரை பிசகாமல் வந்தது.