திருப்பத்தூர்ச் சீமையின் திமிலும் வீரமும்

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்று சொன்னால், "எந்தத் திருப்பத்தூர்?" என்ற கேள்வி உடனே பிறக்கும். ரயில் ஏறிப் போகக்கூடிய திருப்பத்தூர் ஒன்று வடக்கே இருக்கிறது. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊர் 2019-ல் தனி ஜில்லாவுக்கே தலைநகராகிவிட்டது. நான் இப்போது உங்களை அழைத்துப் போகும் திருப்பத்தூரோ ரயில் எட்டிப் பார்க்காத ஊர். காரைக்குடியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். குன்றக்குடி முருகனுக்கு ஒரு கும்பிடு, பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகருக்கு ஒரு தோப்புக்கரணம் என்று வழியில் கணக்குத் தீர்த்துக்கொண்டே போனால், சிவகங்கைச் சீமையின் இந்தப் பழைய ஊர் வந்து சேரும்.

அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் இது. தேவாரத்தில் இதன் பெயர் திருப்புத்தூர். கோயிலில் திருத்தளிநாதர் எழுந்தருளியிருக்கிறார். மற்ற ஊர்களில் பைரவர் நாய் வாகனத்தோடு நின்றுகொண்டு மிரட்டுவார். இங்கே அவர் யோகத்தில் அமர்ந்திருக்கிறார்! கோயிலை விட்டு வெளியே வந்தால் இன்னொரு நினைவு நெஞ்சைப் பிடிக்கும். வெள்ளையரை எதிர்த்து நின்ற மருது சகோதரர்களை 1801-ம் வருஷம் அக்டோபர் 24-ம் தேதி தூக்கிலிட்டது இந்தத் திருப்பத்தூர்க் கோட்டையில்தான்.

இவற்றையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த வட்டாரத்தில் எந்தக் கிராமத்து டீக்கடையில் வேண்டுமானாலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். அரசியலில் ஆரம்பிக்கும் பேச்சு மழைக்குப் போகும். மழையிலிருந்து கண்மாய்க்குப் போகும். கடைசியில் மாட்டில் வந்து நிற்கும். பால் கறக்கும் மாடல்ல, உழவு மாடும் அல்ல. மஞ்சுவிரட்டுக் காளை!

மூன்று விதமான ஆட்டம்

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். காளையோடு மனிதன் மல்லுக்கு நிற்கும் இந்த விளையாட்டு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

மதுரைப் பக்கத்து அலங்காநல்லூரில் நடப்பது வாடிவாசல் ஆட்டம். குறுகிய வாசல் வழியே ஒவ்வொரு காளையாக வெளியே வரும். திமிலைத் தழுவிக்கொண்டு குறிப்பிட்ட தூரம் வரை தொங்குகிறவன் வென்றான். சி. சு. செல்லப்பா 1959-ல் வெளியிட்ட 'வாடிவாசல்' கதையைப் படித்தவர்களுக்கு அந்த வாசலின் வெக்கை தெரிந்திருக்கும்.

திருப்பத்தூர்ச் சீமையின் பாணி அதுவல்ல. இங்கே காளைகளைப் பரந்த பொட்டலில் அவிழ்த்துவிடுகிறார்கள். தொழுவிலிருந்து புறப்படும் காளை எந்தத் திசையில் போகும் என்று அதற்கே தெரியாது. வீரர்கள் பொட்டல் முழுவதும் இறைந்து நிற்பார்கள். வல்லவன் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதுதான் மஞ்சுவிரட்டு.

மூன்றாவது வகைக்கு வடமாடு என்று பெயர். கால்பந்தும் கபடியும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். திடல் நடுவே, சுமார் ஐம்பது அடி நீள வடக் கயிற்றில் காளையைக் கட்டிவிடுகிறார்கள். வடம் எட்டுகிற வரை அந்த வட்டம் காளையின் ராஜ்யம். எதிரே ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு இறங்கும். இருபது நிமிஷமோ இருபத்தைந்து நிமிஷமோ, ஊர்க் கட்டுப்பாட்டைப் பொறுத்துக் கெடு. அதற்குள் ஒன்பது பேரும் சேர்ந்து காளையை அடக்கினால் குழுவுக்குப் பரிசு. அடக்க முடியாவிட்டால் பரிசு மாட்டுக்காரருக்கு.

ஒன்பது பேர் இருந்தாலும் திமிலில் முதலில் பாய்கிறவன் ஒருவன்தான். மற்றவர்கள் பக்கவாட்டில் போக்குக் காட்டி, காளையின் கவனத்தைத் திருப்ப வேண்டும். பாய்ந்தவன் தொங்கியதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் போய் அணைக்க வேண்டும். யாராவது ஒருவன் அரை நொடி தயங்கினால், தொங்குகிறவன் பாடு திண்டாட்டம். நல்ல காளைக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். அது சும்மா சுற்றாது; முன்னங்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, எவன் கண்ணில் பயம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கும்.

கோப்பை இல்லாத வெற்றி

உலகத்தின் வடகோடியில், அட்லாண்டிக் கடலின் நடுவே ஃபாரோ தீவுகள் என்று பதினெட்டுத் தீவுகள் இருக்கின்றன. அங்கே மொத்த ஜனத்தொகை சுமார் 54,000. அதாவது நம் காரைக்குடி நகரத்தில் உள்ளவர்களில் பாதி. அந்தத் தீவுகளில் கிளாக்ஸ்விக் என்று ஒரு மீன்பிடி ஊர். ஐயாயிரம் பேர் வசிக்கும் அந்த ஊரில் 1904-ல் ஒரு கால்பந்துக் கிளப் ஆரம்பித்தார்கள். 1942-ல் அந்த நாட்டில் முதன்முதலாக லீக் போட்டி நடந்தபோது கோப்பையை வென்றது அந்தக் கிளப். 2023-ல், ஹங்கேரி தேசத்தின் பெரும் புகழ் பெற்ற ஃபெரென்ஸ்வாரோஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே மூன்று கோல் போட்டுத் தோற்கடித்து ஐரோப்பாவையே மூக்கில் விரல் வைக்கச் செய்தது! அந்த ஆண்டே, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் பிரதான சுற்றுக்குள் நுழைந்த முதல் ஃபாரோ அணி என்ற பெயரையும் எடுத்தது.

சின்ன ஊருக்கு ஒரு விளையாட்டு எவ்வளவு பெரிய முதுகெலும்பு என்பதற்காக இதைச் சொன்னேன். ஆனால் ஒரு வித்தியாசம். கிளாக்ஸ்விக்கின் வெற்றிகள் எல்லாம் வருஷ வாரியாக ஏட்டில் இருக்கின்றன. கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. நம் மஞ்சுவிரட்டுக்கு ஏடும் இல்லை, அலமாரியும் இல்லை. எந்த வருஷம் எந்த ஊர்க் காளை பிடிபடாமல் போயிற்று என்பதெல்லாம் கிழவர்களின் வாயில் இருக்கிறது. கிழவர் போனால் அந்தச் சரித்திரமும் போச்சு.

இத்தனைக்கும் விளையாட்டு நேற்று வந்ததல்ல. சங்க நூலான கலித்தொகையில், முல்லைக் கலிப் பாடல்கள் ஏறு தழுவுதலை விஸ்தாரமாகச் சொல்கின்றன. காளையைத் தழுவ அஞ்சுகிறவனை ஆயர் குலத்துப் பெண் மணக்க மாட்டாளாம். இக்காலத்துப் பெண்கள் வேறு தகுதிகளைப் பார்க்கிறார்கள் என்றாலும், மாடு பிடிக்கிற பையனுக்கு ஊரில் தனி மதிப்பு என்பது இன்றும் மாறவில்லை.

தை மூன்றாம் நாள்

இந்த வட்டாரத்து மஞ்சுவிரட்டுகளில் பெயர் பெற்றது சிராவயல். தேச சரித்திரத்திலும் இடம்பெற்ற கிராமம் அது. ஜீவா என்று நாம் அறிந்த ப. ஜீவானந்தம் இளம் வயதில் இங்கே ஓர் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் செட்டிநாட்டுப் பக்கம் வந்த காந்திஜி, சிராவயலுக்கு வந்து அவரைச் சந்தித்தார்.

பொங்கல் கழிந்து, தை மாதம் மூன்றாம் நாள் அந்தச் சிராவயலைப் பார்க்க வேண்டும்! கிராமத்துப் பெரியவர்கள் வேட்டி, துண்டு முதலிய ஜவுளிகளை எடுத்துக்கொண்டு தொழுவுக்கு ஊர்வலமாக வருகிறார்கள். காளைகளுக்கு மரியாதை செய்கிறார்கள். மனிதனுக்கு மாலை போடுவதற்கு முன்னால் மாட்டுக்குத் துண்டு! முதலில் அவிழ்ப்பது கோயில் காளையை. அதை யாரும் பிடிப்பதில்லை; வழிவிட்டு ஒதுங்கிக் கும்பிடுகிறார்கள். அதன் பிறகுதான் மற்றக் காளைகள்.

மாசி மகத்தன்று சிங்கம்புணரிப் பக்கத்து அரளிப்பாறையில் நடப்பது இன்னொரு காட்சி. ஐந்துநிலை நாட்டார் என்று சொல்லப்படும் ஊர்க்காரர்கள் கூடி நடத்தும் மஞ்சுவிரட்டு அது. பக்கத்திலேயே பாறைக் குன்று ஒன்று. ஜனங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். இயற்கையே கட்டிக் கொடுத்த காலரி! டிக்கெட்டும் கிடையாது, நாற்காலிச் சண்டையும் கிடையாது.

காளைகளில் இந்தச் சீமையின் சொந்தச் சரக்கு புலிக்குளம் மாடு. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் கிராமத்தின் பெயரால் வந்த இனம். அளவில் பெரிதல்ல, ஆனால் திமிலும் கொம்பும் துடிப்பும் அபாரம். கண்மாயில் நீந்த விடுவது, மண்மேட்டைக் குத்தப் பழக்குவது, நடை பழக்குவது என்று வருஷம் முழுவதும் அதற்குத் தேகப் பயிற்சி. ஆகாரமோ பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம்! வீட்டுப் பிள்ளை கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிற குடும்பத்தில்கூட, காளைக்குக் கேட்காமலே கிடைக்கும். பொட்டலில் பத்துப் பேரைச் சிதறடிக்கும் காளை, வீட்டு ஆத்தாள் முந்தானையைத் தட்டிக் கூப்பிட்டால் கன்றுக்குட்டி மாதிரி பின்னால் வரும்.

தொழுவம் வெறிச்சிட்ட வருஷங்கள்

இந்த விளையாட்டுக்குச் சோதனையும் வந்தது. மிருகங்களை வதைக்கலாமா, மனிதர் சாகலாமா என்று வழக்குகள் கிளம்பின. 2009-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தியது. 2011-ல், காட்சிக்குப் பழக்கக் கூடாத மிருகங்களின் பட்டியலில் காளையையும் மத்திய அரசு சேர்த்தது. 2014-ம் வருஷம் மே 7-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு விளையாட்டையே தடை செய்தது.

உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் கறக்கக் கலப்புப் பசு வந்துவிட்டது. இந்நிலையில் மஞ்சுவிரட்டும் இல்லையென்றால், நாட்டுக் காளையை எதற்காக வளர்ப்பது? பருத்திக்கொட்டை விலை குறையவில்லையே! மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விற்றவர்கள் உண்டு. விற்கப்பட்ட காளை எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கடன் வாங்கித் தீனி போட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு.

2017 ஜனவரியில், சென்னை மெரினாவிலும் மதுரையிலும் இன்னும் பல ஊர்களிலும் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. பின்னர் சட்டசபையில் சட்டமாகவும் நிறைவேறியது. 2023 மே 18-ம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

யார் கணக்கில் எழுதுவது?

சட்டம் வென்றதோடு கதை முடிந்ததா? இல்லை. இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும். காளைக்கும் வீரனுக்கும் வைத்தியப் பரிசோதனை வேண்டும். தடுப்பு வேலியும் ஆம்புலன்ஸும் வேண்டும். வாடிவாசல் ஆட்டத்தில் இவற்றைச் செய்வது சுலபம். வடமாட்டிலும் ஓரளவு முடியும். கயிறே காளைக்கு எல்லை போட்டுவிடுகிறதல்லவா? திறந்த பொட்டலில் நடக்கும் மஞ்சுவிரட்டில் எங்கே வேலி போடுவது? தொழுவின் வழியாக வரும் காளைகளுக்குத்தான் சீட்டும் பரிசோதனையும். ஆர்வம் தாங்காமல் கண்மாய்க்குள்ளும் வயற்காட்டிலும் சிலர் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகளுக்குச் சீட்டு ஏது?

அதனால் நேரும் துயரம் சாமானியமானதல்ல. களத்தில் இறங்கும் வீரன் ஆபத்தைத் தெரிந்து இறங்குகிறான். வேடிக்கை பார்க்க வந்தவன் அப்படியா? 2024 ஜனவரியில் சிராவயலில் மாடு முட்டி இரண்டு பேர் இறந்து போனார்கள். அவர்களில் ஒருவன் சிறுவன். அந்தத் தாய்க்குக் கலித்தொகையும் ஆறுதல் சொல்லாது, சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் ஆறுதல் சொல்லாது.

"வேலி போட்டு, வரிசை கட்டி நடத்தினால் அது மஞ்சுவிரட்டே அல்ல" என்பது ஒரு கட்சி. "உயிருக்கு உத்தரவாதம் இல்லாத விளையாட்டை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே வீட்டுத் திண்ணையில், அப்பனும் மகனுமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் கட்சிகள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காளையின் ஓட்டத்துக்கு வேலி வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும், பார்க்க வந்தவர்களின் கால்களுக்காவது வேலி வேண்டும். அரளிப்பாறைக் குன்று மேல் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஆட்டத்தின் ருசி ஒரு குன்றிமணியும் குறைவதில்லையே! மாட்டைத் தடுக்க முடியாத இடத்தில் மனிதனை மேட்டில் ஏற்றலாம். விளையாட்டை ஆபத்திலிருந்து மீட்டவர்களுக்கு இது பெரிய காரியமா, என்ன?

அடுத்த தை மாதம் உங்களுக்கு லீவு கிடைத்தால் காரைக்குடிக்கு டிக்கெட் வாங்குங்கள். முதல் நாள் பிள்ளையார்பட்டி மோதகம். இரண்டாம் நாள் திருத்தளிநாதரும் யோக பைரவரும், மருதிருவர் நினைவிடமும். மூன்றாம் நாள் சிராவயல். பொட்டலுக்குப் போனதும் முதலில் மேடான இடம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். சிவப்புச் சேலை வேண்டாம் என்று பாட்டி சொன்னால் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். காளைக்கு நிறம் தெரியுமோ தெரியாதோ, பாட்டிக்கு நிம்மதி! தூரத்தில் தொழுவின் பக்கம் புழுதி எழும்பும்போது, உங்களை அறியாமலே நீங்களும் எழுந்து நிற்பீர்கள்.

யார் பக்கம் கத்துவது, வீரன் பக்கமா, மாட்டின் பக்கமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். திருப்பத்தூர்ச் சீமையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால், பாதிப் பேருடைய விரோதம் சம்பாதிக்க வேண்டியிருக்கும்!