மயிலைத் தேரை நிறுத்தும் மரத்துண்டு

"எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்" என்று வீட்டில் யாரையாவது திட்டாமல் இருக்க மாட்டோம். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் காலையில் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய் நின்றால், அந்தத் திட்டு பாராட்டாக மாறிவிடும். கபாலீஸ்வரர் தேரை ஆயிரம் கைகள் இழுக்கலாம். அதை நிறுத்துவது முட்டுக்கட்டை போடும் சிலர்தான்.

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம். கோயிலையும் தெப்பக்குளத்தையும் சுற்றி நான்கு மாட வீதிகள். மறுநாள் அறுபத்து மூவர் விழா என்பதால் ஊரே நிறைந்திருக்கும். நீர்மோரும் பானகமும் கேட்காமலே கைக்கு வரும்.

தேரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கீழே சிற்பங்கள் செதுக்கிய கனமான மரச்சட்டம். மேலே உயர்ந்து நிற்பது பெரும்பாலும் கழிகளும் துணியும்தான். பாரம் கீழே இருந்தால்தான் தேர் நிலையாக நிற்கும். வடத்தைக் கீழ்ப்பகுதியில் கட்டுவதும் இதனால்தான். உச்சியில் கட்டி இழுத்தால் தேர் நகர்வதற்கு முன் சாயப் பார்க்கும்.

ஒரு கணக்கு. இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 10 அடி, தேரின் ஈர்ப்பு மையம் 10 அடி உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சமமான சாலையில் இரு பக்கமும் பாதிப் பாதி பாரம். ஒரு பக்கம் சாலை அரை அடி இறங்கியிருந்தால், ஈர்ப்பு மையமும் அரை அடி அந்தப் பக்கம் நகரும். பள்ளத்துச் சக்கரங்கள் 55 சதவீதம் சுமக்கும், மேட்டுச் சக்கரங்களுக்கு 45தான். மையம் இன்னும் உயரத்தில் இருந்தால் வித்தியாசமும் கூடும். தேரோட்டத்துக்கு முன் சாலைப் பள்ளங்களை அடைப்பது வெறும் அழகுக்காக அல்ல.

தேர் கிளம்ப அடம்பிடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் நெம்புகட்டை. தாங்கும் இடத்திலிருந்து சக்கரம் வரை 1 அடி, கை அழுத்தும் இடம் வரை 8 அடி என்றால், 50 கிலோ அழுத்தம் மறுமுனையில் 400 கிலோவாகும்.

கிளம்பிய தேரை நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டு வேலையையும் முட்டுக்கட்டையே செய்கிறது. 3 அடி ஆரமுள்ள சக்கரத்தின் முன் 4 அங்குலத்துக்கும் குறைவான கட்டையை வைத்தாலே போதும். கட்டை வழுக்காமல் நின்றால், அதன்மேல் ஏற அந்தச் சக்கரம் சுமக்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதி விசை தேவை. 5 டன் சுமக்கும் சக்கரத்துக்குச் சுமார் 2.4 டன்! வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால், அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும்.

இத்தனையையும் உருளும் சக்கரத்துக்கு அருகிலேயே நடந்தபடி, நொடிக் கணக்கில் செய்கிறார்கள். கை சற்றுத் தாமதித்தால் முன்னால் வடம் பிடித்திருப்பவர்களுக்கு ஆபத்து. 2022 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கோயில் தேர் சாய்ந்து 2 பேர் உயிரிழந்தார்கள். பக்தியோடு கணக்கும் கவனமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் குழந்தைகளைச் சக்கரத்துக்கும் வடத்துக்கும் நடுவே விடாதீர்கள். முட்டுக்கட்டைக்காரர்கள் "விலகு" என்று குரல் கொடுத்தால், செல்போனை இறக்கிவிட்டு உடனே விலகுங்கள்.

பெரிய தேருக்குச் சின்ன அச்சாணியின் அருமையைச் சொன்ன வள்ளுவருக்கும் இதே மயிலாப்பூரில் கோயில் இருக்கிறது. தேர் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.