கடுக்காயும் பலாவும் இறங்கிவந்த மலை

அப்போதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதம் தெரிந்துகொள்ளக் காலண்டர் வேண்டியிருந்ததில்லை, காற்றே சொல்லிவிடும். பொங்கல் முடிந்தால் கடுக்காய் வாடை. ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக மூட்டை மூட்டையாக வந்திறங்கும். சித்திரை பாதி போனால் பலா வாசம், அது ஏலகிரியிலிருந்து. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்த உங்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லவா வேண்டும்? வருஷம் பூராவும் சுண்ணாம்புத் தொட்டி வாடையும் பச்சைத்தோல் வாடையும் இருக்கத்தான் செய்தன. அதை நாம் ஒரு வாடையாகவே எண்ணியதில்லை.

எங்கள் நைனா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். பின்கட்டு முற்றத்தில் கடுக்காய் குவிந்து கிடக்கும். மேலெல்லாம் வரிவரியாய்ச் சுருங்கி, மஞ்சளும் பழுப்புமாக. ஒன்றைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறிய தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணியில் போட்டு எடுப்பார்கள். அப்போதுதான் வெயில் பட்டாலும் சிவந்துபோகாமல் வெளிர்பொன் நிறத்தில் நிற்கும். அந்தத் தோல் கப்பலேறிப் போகும்போது ஜவ்வாது மலையும் கூடவே கொஞ்சம் கப்பலேறிற்று என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூட்டையோடு ஒரு மலைக்காரத் தாத்தா வருவார். பேச்சு குறைவு. முற்றத்து ஓரமாகக் குந்தி, துண்டில் முடிந்துவந்த சாமைச் சோற்றைப் பிரிப்பார். காசை வாங்கி இரண்டு தரம் எண்ணுவார். பிறகு பஜாரில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிப்பார். குரோம் போட்டுப் பதனிடும் முறை வந்து, டிரம்கள் சுற்ற ஆரம்பித்து, வெட்புளூ என்று நீலமாய்த் தோல் வெளியே வந்தபோது கடுக்காய் மூட்டை குறைந்தது. தாத்தா வருவதும் நின்றது. அவர் எந்த ஊர்க்காரர், புதூர்நாடா நெல்லிவாசலா என்று நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஏலகிரி நமக்கு இன்னும் நெருக்கம். ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நின்றாலே தலைக்கு மேலே தெரியும். ரயிலுக்கே அதன் பெயர்தானே! பொன்னேரியிலிருந்து ரோடு ஏறும். அதன் பதினான்கு வளைவுகளுக்கும் பெயர் உண்டு: பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ என்று புலவர்கள் ஏழு பேர், பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் ஏழு பேர். பேகன் வளைவு தாண்டினால் காற்று மாறிவிடும். காதடைப்பு விலகி, மாட்டுமணிச் சத்தம் கேட்கத் தொடங்கும்.

மே மாதத்தில் அத்தனாவூரைத் தாண்டி நிலாவூர்ப் பக்கம் நைனாவுக்குப் பழக்கமான ஒரு வீட்டில் போய் இருப்போம். மண்சுவர், புல்கூரை. தினமும் சாணம் மெழுகிய தரை உள்ளங்காலுக்குச் சில்லென்றிருக்கும். விடியுமுன்னே உரலில் சாமை குத்தும் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் தொடங்கினால் அடுத்த வீடு பதில் சொல்லும். போர்வைக்குள் கிடந்தபடி எந்த உலக்கை யாருடையது என்று பந்தயம் கட்டுவோம். அந்த வீட்டு ஆயா பலா அறுப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் பழத்தைக் கதவநாச்சியம்மனுக்கு எடுத்து வைக்காமல் மற்றதைத் தொடமாட்டாள். கையிலும் அரிவாளிலும் எண்ணெய் தடவி, பழத்தை நீளவாக்கில் பிளந்து, பிசின் கசியும் நடுத்தண்டை ஒரே இழுப்பில் உருவி எறிவாள். சுளையைப் பிய்த்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, கொட்டையைத் தனியே சேர்ப்பாள். கொட்டை சாயந்திரம் அடுப்புச் சாம்பலில் வேகும். சக்கை மாட்டுக்கு. வீணாய்ப்போனது ஒன்றையும் அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது நைனா நீட்டும் காசை வாங்கிக்கொள்வாள். "தம்பிங்களுக்கு" என்று ஒரு பழத்தை மட்டும் காசில்லாமல் ஏற்றிவிடுவாள்.

இன்று அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் மதில். உள்ளே நீச்சல் குளம், வெளியே 'தனியார் சொத்து' பலகை. வாங்கியவர்களில் சென்னைக்காரர்கள் உண்டு, பெங்களூர்க்காரர்கள் உண்டு, தோலில் சம்பாதித்த நம்மவர்களும் உண்டு. சாமை விளைந்த கொல்லை போன வீட்டின் பையன் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். உலக்கைச் சத்தம் இல்லை. போர்வெல் மோட்டார் சத்தம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பாலாற்று மணலைக் கையால் பறித்து ஊற்று கண்டவர்கள் நாம். தோல் ஷாப் கழிவால் அந்த ஆறு என்ன ஆயிற்று என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் சொன்னது; மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி பேச வேண்டிவந்தது. பள்ளத்தாக்கில் பணம் தண்ணீரை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்த நாமே, அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழங்குடிப் பகுதிகளுக்கென ஊர்ச்சபைக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்ததும் அதே 1996-இல்தான். ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. ஆகவே ஏலகிரியில் விற்கலாமா கூடாதா என்று சொல்ல, அந்த ஊர் கூடும் சபைக்கு அந்தச் சட்டத்தின் துணை கிடையாது. வாங்க வருகிறவர் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஏலகிரியில் இடம் பார்க்கலாமா என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். போங்கள், தங்குங்கள். மலைக்காரர் வீட்டுத் திண்ணையும் சமையலும் கிடைத்தால் அதற்கு நியாயமான காசு கொடுத்துத் தங்குங்கள். பணம் போட்டே ஆகவேண்டுமென்றால் நிலத்தை அவர்கள் பெயரிலேயே விட்டுவிட்டு, குத்தகைக்கு எடுத்து, சாமையும் பலாவும் விளைய வையுங்கள். புதிதாக ஆழ்துளை போடாதீர்கள். அப்படியும் ஒருவர் பத்திரத்தோடு விற்க வந்தால், "வித்துட்டு எங்க இருப்பீங்க, எதை உழுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நிலத்தை வாங்காதீர்கள்.